நான்கு துறைகள் சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டம்: நிதி கைக்கு வரும்வரை பட்ட பாடு

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றி விலங்கியல், வேதியியல், வரலாறு, பொருளியல் ஆகிய நான்கு துறைகள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு, எங்கள் கல்லூரியின் தொடக்க நிதியிலிருந்து முதல் தவணை ஒருவழியாகத் திட்டக் கணக்கில் ஏறிவிட்டது. இந்த நான்கு துறைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. முன்மொழிவு எழுதியதும் வல்லுநர் குழு முன் விளக்கியதும் சிக்கலின்றி முடிந்தன. பல்துறை ஆய்வுதான் இன்றைய தேவை என்று குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்களில் ஒருவர்கூட விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

அந்தப் படிவத்தில் 'துறை' என்ற இடத்தில் ஒரே பெயரைத்தான் எழுத முடியும். முதன்மை ஆய்வாளரின் துறை என்பதால் விலங்கியல் என்று எழுதினோம். உடனே, திட்டத்தில் வாங்கும் பொருள் அனைத்தும் விலங்கியல் துறையின் இருப்புப் பதிவேட்டில்தான் ஏற வேண்டும் என்று கணக்குப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவியைப் பயன்படுத்தப்போவது வேதியியல் துறை. ஆனால் ஒரு துறையின் பதிவேட்டில் உள்ள கருவி இன்னொரு துறையின் ஆய்வகத்தில் இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும். "ரெண்டு துறைக்கும் சேத்து ஒரு சாமான எழுத இங்க ரெஜிஸ்டர் கிடையாது சார்" என்று எழுத்தர் சொன்னார். விதியின்படி அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. திட்டத்தின் பெயரிலேயே தனி இருப்புப் பதிவேடு திறக்கலாம் என்று முதல்வர் ஆணை பிறப்பித்த பிறகே கோப்பு நகர்ந்தது. நீங்கள் இப்படியொரு திட்டம் தொடங்குவதாக இருந்தால், இந்த ஆணையை முன்மொழிவோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த தடை பயணச் செலவில் வந்தது. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் சேர்ந்திருந்ததால், குளங்களைப் பற்றிய பழைய அரசு ஆவணங்களைப் பார்க்க எங்கள் வரலாற்று ஆசிரியர் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து அது ஏறக்குறைய 70 கிலோமீட்டர். திருநெல்வேலி அதைவிடத் தொலைவு. ஆயினும் திருநெல்வேலி போவது உள்மாநிலப் பயணம் என்பதால் கேள்வி எழவில்லை. காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்பிவிடக்கூடிய திருவனந்தபுரம் 'வெளிமாநிலப் பயணம்' என்பதால் முன் அனுமதியும் அதற்கான காரண விளக்கமும் தேவைப்பட்டன. நான் அந்த விளக்கத்தில் மாநில மறுசீரமைப்பின் வரலாற்றைச் சுருக்கி எழுதி அனுப்பினேன். அதைப் படித்தார்களா என்று தெரியாது, கையொப்பம் கிடைத்தது.

காப்பகத்திலிருந்து வந்த குறிப்புகள் எங்களுக்குள்ளேயே ஒரு குழப்பத்தைக் கிளப்பின. அவற்றில் ஆண்டுகள் கொல்லம் ஆண்டாக, அதாவது மலையாள நாட்காட்டியின் ஆண்டாக, இருந்தன. பெருவெள்ளம் 1099 என்று இருந்ததை அப்படியே கணினி அட்டவணையில் ஏற்றிய எங்கள் ஆய்வு மாணவர், அந்த வெள்ளத்தைச் சோழர் காலத்துக்கே கொண்டுபோய்விட்டார். உண்மையில் அது 1924ஆம் ஆண்டு ஜூலை மாத வெள்ளம். இந்தப் பக்கத்து முதியவர்கள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்வது அதைத்தான். கொல்லம் ஆண்டு சிங்ஙம் (ஆவணி) மாதத்தில் பிறப்பதால், ஆங்கில ஆண்டைப் பெற மாதத்தைப் பார்த்தே 824 அல்லது 825 கூட்ட வேண்டும். இப்போது அட்டவணையில் மூல ஆவணத்தின் ஆண்டுக்கும் ஆங்கில ஆண்டுக்கும் தனித்தனிப் பத்திகள் வைத்திருக்கிறோம்.

உழவர்களிடமும் குளத்து மீனவர்களிடமும் பேட்டி எடுக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கல்லூரியில் அந்தக் குழு எப்போதாவதுதான் கூடும். கூடிய அன்றும், பேட்டி கொடுப்பவர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். பேட்டி கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் படிவம் இருக்க வேண்டும் என்பது நியாயமானதே. ஆனால் குழு கொடுத்த மாதிரிப் படிவமே ஆங்கிலத்தில்தான் இருந்தது. இதற்குள் ஆண்டின் முதல் நெற்போகமான கன்னிப்பூவின் அறுவடை முடிந்துவிட்டது. வயலில் ஆட்கள் ஒன்றாக இருக்கும்போது பேசலாம் என்று திட்டமிட்டிருந்த பொருளியல் ஆசிரியர் இப்போது அடுத்த போகமான கும்பப்பூவுக்காகக் காத்திருக்கிறார்.

அவர் திட்டத்திலிருந்தே விலகப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இருவருக்கு மேல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கு 70 விழுக்காடும் இணை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும்தான் மதிப்பெண். சமூக அறிவியலில் தனியாக ஒரு கட்டுரை எழுதினால் அவருக்கு 10 கிடைக்கும். எங்களோடு நான்கு பேரில் ஒருவராக எழுதினால் 3தான். பதவி உயர்வை எதிர்பார்த்திருப்பவரிடம் கூட்டு ஆய்வின் பெருமையைப் பேசிப் பயனில்லை. எந்தக் கட்டுரைக்கு யார் முதல் ஆசிரியர் என்று துறைக்கொன்றாகப் பிரித்து, நால்வரும் கையொப்பமிட்ட தாளைக் கோப்பில் வைத்த பிறகே அவர் தங்கினார். தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் நட்பே போய்விடும்.

கள அனுமதி தனிக் கதை. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டு நீர்நிலைகளும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஒரே குளத்தில் பறவைக்கு ஒரு துறை, கரைக்கும் மடைக்கும் ஒரு துறை, மீன்பாசிக் குத்தகைக்கு வேறொருவர். நாங்கள் போன ஓர் அலுவலகத்தில், குளத்து நீரை எடுப்பதற்கு எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள்; இன்னோர் அலுவலகத்தில், எங்களிடம் கேட்காமல் எப்படி எடுப்பீர்கள் என்றார்கள். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் யாருக்கு நகல் என்று அடியில் எழுதி, நம் நகலில் 'பெறப்பட்டது' முத்திரையைத் தேதியோடு வாங்கிக்கொள்வதே நல்லது. அந்த முத்திரையைக் காட்டிய பிறகுதான் எங்களுக்குப் பதில்களே வந்தன. வலசைப் பறவைகள் வந்து சேர்வதற்குள் அனுமதி கிடைத்தது.

இரண்டாம் தவணைக்கு, முதல் தவணையைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் கையொப்பமிட வேண்டிய துறைத்தலைவர் மே மாதத்துடன் ஓய்வு பெறுகிறார். மார்ச் 31இல் கணக்கு முடிந்த மறுநாளே அவர் மேசையில் தாளை வைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.