பூத்த பிறகு பார்க்கலாமே

“பூத்த பிறகு பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே” என்றார் எங்களோடு வந்திருந்த தன்னார்வலர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. “பூத்தால் விதை விழுந்துவிடும்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. 2 ஆண்டுகளாக இந்த இரண்டு வரிகளும் என்னை விடவில்லை.

அமெரிக்காவின் மிசூரிப் புல்வெளியில் ஜூன் கடைசி. என் முதுகில் டிரைக்ளோபிர் களைக்கொல்லித் தெளிப்பான். தென்சரிவில் ஒரு 20 செடிகள். நிமிர்ந்த தண்டு, மூன்று மூன்றாகச் சிற்றிலைகள். செரீசியா என்ற அந்நியக் களைதான் என்று முடிவு கட்டினேன். 1896இல் ஜப்பானிலிருந்து வட கரோலினாவுக்கு வந்து, பிறகு மண்ணரிப்பைத் தடுக்கவென்று ஊரெங்கும் விதைக்கப்பட்ட செடி அது. விதை 20 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உறங்கும். ஒரு சரிவையே அதனிடம் பறிகொடுத்தவர்களுக்கு என் அவசரம் புரியும்.

ஆனால் அதே பேரினத்தில், அந்த மண்ணுக்கே உரிய லெஸ்பெடிசா விர்ஜினிகாவும் அங்கே வளரும். செரீசியாவின் சிற்றிலை அடியில் ஆப்புப் போலக் குறுகி, மேலே அகன்று, நறுக்கிவிட்டதுபோல முடியும். விர்ஜினிகாவின் இலை நெடுக ஒடுக்கம், நுனி உருண்டை. எழுதும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. வெயிலில் வாடிய இலையில் அவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. பூ வந்தால் ஐயமே இல்லை. பள்ளியில் அவரைக் குடும்பப் பூவுக்குப் படித்த அதே கொடி, சிறகு, படகு இதழ்கள்தான் இரண்டிலும். செரீசியாவில் வெண்மை, நடுவே ஊதாக் கறை. விர்ஜினிகாவில் இளஞ்சிவப்பு கலந்த ஊதா.

நான் பார்த்தது 3 செடிகளின் இலைகளை. மூன்றும் செரீசியா, இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவற்றைப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் போனேன். கருகிய திட்டின் ஓரத்தில், மருந்து படாமல் தப்பிய ஒற்றைத் தண்டு ஊதாவாகப் பூத்திருந்தது.

“20 செடிதானே” என்றார் மேலாளர். 1.5 கோடி ஏக்கராக இருந்த மிசூரியின் உயர்புல்வெளியில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இன்று இல்லை. அங்கே நின்றுகொண்டு ‘தானே’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எஞ்சிய அந்தத் துளியைக் காக்கிறேன் என்றுதான் நானும் தெளித்தேன்.

விதை விழும் என்றதும் முழு உண்மை அல்ல. பூக்கும் பருவத்தில் தெளிப்பதற்கு மெட்சல்ஃபூரான் என்ற வேறொரு களைக்கொல்லி இருக்கிறது. அது அன்றே எனக்குத் தெரியும். ஆகஸ்டில் திரும்பி வர நாள் கிடைக்காது என்று நினைத்தேன். வந்தேனே.

இப்போது ஒவ்வொரு தண்டாக இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். சந்தேகம் என்றால் குச்சி நட்டு, பூக்கும் வரை விட்டுவைக்கிறேன். போன ஆண்டு அப்படி விட்டுவைத்த திட்டு முழுவதும் செரீசியா. மழையால் சில வாரங்கள் போக முடியவில்லை. போனபோது விதை முற்றியிருந்தது. ஆசிரியையிடம் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. மண்டியிட்டு, தண்டுகளை உதிராமல் வெட்டி ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.