டர்பனில் எங்கள் பூஜைக் கடைக்கு ஒரு நியூஸ்லெட்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன பூஜைச் சாமான் கடை. மசாலாவும் அரைத்து விற்கிறோம். பழைய வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் என்று போய்விட்டார்கள். புரட்டாசி எப்போது பிறக்கிறது, காவடிச் சாமான் வந்துவிட்டதா என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. மாதம் ஒரு மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்பலாமே என்று மாமியார்தான் முதலில் சொன்னார்.

எழுதுவதைவிட முகவரி சேர்ப்பதில்தான் வேலை அதிகம். இங்கே போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமலில் இருக்கிறது. அதன் 69ஆவது பிரிவுப்படி, சம்மதம் தராதவருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது. நம்மிடம் ஏற்கெனவே வாங்கியவருக்கு அதே மாதிரிப் பொருட்களைப் பற்றி எழுதலாம். ஆனால் முகவரி வாங்கும்போதும், பிறகு ஒவ்வொரு மடலிலும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். பில் புத்தகத்தில் முகவரிகள் கிடந்தன. அவற்றை அப்படியே ஏற்றாமல் எல்லோரையும் புதிதாகவே கேட்டோம். இது எனக்குச் சட்டத்துக்காக மட்டுமல்ல. நம் கடையை நம்பி முகவரி தந்தவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புவதுதானே முறை?

கல்லா பக்கத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டு வைத்தோம். பெயர், மின்னஞ்சல், ‘மாதம் ஒரு மடல் அனுப்பலாமா’ என்று ஒரு கட்டம், கையெழுத்து. எழுதி முடித்ததும் முகவரியை அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டுவேன். முதியவர்களின் கையெழுத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் அதைக் குறைக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் தொழில்நுட்பம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவரைக் கறாராகச் சரிபார்க்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோருக்கு, மடல் உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற அமைப்புகள் மூன்றுமே கட்டாயம். எங்கள் பட்டியல் அதில் ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது. ஆனாலும் கடைப் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்கி மூன்றையும் போட்டுவிட்டோம். ஜிமெயில் முகவரியை ‘அனுப்புநர்’ இடத்தில் போட்டு வேறொரு சேவை வழியாக அனுப்பினால் ஸ்பாமுக்குப் போக வாய்ப்பு அதிகம். டி.கே.ஐ.எம். சாவி நீளமான எழுத்துச் சரம். நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் செல்லாது. டொமைன் விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பிதான் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

முதல் மடல் ஆடி மாதத்துக்கு. இளையவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் ஆங்கிலத்தில் எழுதி, மாதப் பெயர், பூஜைப் பெயர்களை மட்டும் தமிழிலும் போட்டேன். அம்மன் கூழுக்கு என்னென்ன வேண்டும், மீலி மாவையும் (மக்காச்சோள மாவு) புளித்த பாலையும் எப்படிச் சேர்ப்பது என்று மாமியார் சொல்லச் சொல்ல எழுதினேன். விலைப்பட்டியல் கடைசியில் நாலு வரிதான். பதில் எழுதியவர்கள் கூழைப் பற்றித்தான் எழுதினார்கள். ‘எங்கள் ஆயா இதில் வெங்காயமும் போடுவார்’ என்று ஒருவர். அதிலிருந்து ஒவ்வொரு மடலிலும் சமையல் குறிப்பு முதலில், விற்பனை பிறகு.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. 2021இலிருந்து ஆப்பிள் மெயில், வாசிக்கிறவர் திறக்காமலேயே படங்களை இறக்கிவிடுகிறது. அதுவும் திறந்த கணக்கில் சேர்ந்துவிடும். பதில் மடலும் ஆர்டரும்தான் எனக்குக் கணக்கு.

தைப்பூச மடலை மட்டும் டிசம்பர் நடுவிலேயே அனுப்பிவிடுகிறோம். விடுமுறைக் காலத்தில் கூரியர் தாமதமாகும். விபூதியும் மஞ்சள் துணியும் கேப் டவுனுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமே.