எஃப்ஆர்-எஸ் காருக்கு 9 அங்குல வீல்

என்னிடம் இருப்பது 2013 ஸயான் எஃப்ஆர்-எஸ். ஸயான் என்பது டொயோட்டா அமெரிக்காவில் நடத்திய ஒரு பிராண்ட். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற பெயர்களில் வந்ததும் இதே வண்டிதான். ஜப்பானில் சுபாருவின் ஓட்டா ஆலையில் செய்தது. கம்பெனியில் இருந்து வரும்போது 7 அங்குல அகல வீல், 215/45ஆர்17 டயர் (அகலம் 215 மி.மீ., ரிம் 17 அங்குலம்). எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன சில பிரியஸ் கார்களிலும் வந்த அதே மிஷெலின் பிரைமசி வகை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. ஆனால் டொயோட்டாவின் தலைமை இன்ஜினியர் டெட்சுயா டாடா தெரிந்தேதான் அப்படி விட்டார். பிடிப்பு குறைவாக இருந்தால் நிதானமான வேகத்திலேயே வண்டி லேசாக வழுக்கும், ஓட்டுபவருக்கு விளையாட இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை.

பிறகு ஏன் மாற்றினேன்? கலிஃபோர்னியாவின் லகூனா சேக்கா பந்தயத் தடம்தான் காரணம். அங்கே இடது வளைவுகள் அதிகம் என்பதால் வலப்பக்க டயர்கள்தான் அடி வாங்கும். இந்தக் காரின் முன்வீல்கள் ஏறக்குறைய நேர்குத்தாக நிற்பவை. வளைவில் பாரம் ஏறும்போது டயரின் வெளி ஓரம் மட்டும் தரையில் உரசி, பத்து நிமிட ஓட்டத்திலேயே சூடாகிப் பசை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பின் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா பழைய டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்றார். நடுவில் இருக்கிறதுப்பா, ஓரத்தைப் பாருங்க என்று காட்டினேன். வீல் விலையை மட்டும் சொல்லவில்லை.

அகல டயர் என்றால் தரையில் படும் பரப்பு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். காற்றழுத்தமும் வண்டியின் எடையும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க அந்த வடிவம் நல்லது. அதோடு அதிக ரப்பர் இருப்பதால் சூடும் மெதுவாகத்தான் ஏறும்.

நான் எடுத்தது 17க்கு 9 வீல் (விட்டம் 17, அகலம் 9 அங்குலம்), ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற அளவு) +42, அதில் 245/40ஆர்17 டயர். பழைய டயரின் விட்டம் 625 மி.மீ., புதியது 628. ஸ்பீடோமீட்டர் கவலை இல்லை. மண்டையைக் குடைவது ஆஃப்செட்தான். பழைய வீல் 7 அங்குலம், +48. புதியது 2 அங்குலம் அகலம், அதாவது பக்கத்துக்கு 25.4 மி.மீ. கூடுகிறது. ஆஃப்செட் 6 மி.மீ. குறைவதால் வீல் மொத்தமாக அவ்வளவு வெளியே நகர்கிறது. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு 31.4 மி.மீ. வெளியே, உள் விளிம்பு 19.4 மி.மீ. உள்ளே. பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டு, அளவுகோலோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறதே என்று வாங்குபவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வெளியே ஃபெண்டர், அதாவது வீலை மூடும் பாடித் தகடு. உள்ளே சஸ்பென்ஷன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கம்பம். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த 245 உட்கார வேண்டும். முன்பக்கம் டயரின் மேல்முனையை உள்ளே சாய்க்க, அதாவது நெகட்டிவ் கேம்பர் வைக்க, இரண்டு வழி உண்டு. ஸ்ட்ரட்டின் அடியில் கேம்பர் போல்ட் போடலாம், மலிவு. ஆனால் அப்போது வீல் மட்டும் சாயும், ஸ்ட்ரட் நின்ற இடத்திலேயே நிற்கும், உள்ளே இருக்கிற கொஞ்ச இடைவெளியும் போய்விடும். மேலே கேம்பர் பிளேட் போட்டால் ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தே சாயும், உள் இடைவெளி அப்படியே இருக்கும். அதனால் பிளேட்டுக்குத்தான் போனேன். 2 டிகிரி வைத்ததும் டயரின் உச்சி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போனது. வெளி ஓரத் தேய்மானத்துக்கும் அதுதான் மருந்து.

பின்பக்கம் கம்பெனி கேம்பரே போதுமானதாக இருந்தது. பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த சின்னத் தகட்டை மட்டும் மடக்கினேன்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். இந்த வண்டியின் ஹப், அதாவது வீலின் நடுத்துளைக்குள் நுழையும் மேடு, 56.1 மி.மீ., வெளிச்சந்தை வீலின் நடுத்துளை 73.1. இடையில் வளையம் போடாவிட்டால் வீல் நடுவில் சரியாக உட்காராமல் ஹைவேயில் நடுங்கக்கூடும். அப்புறம் நட். ஸயான் டொயோட்டாவுடையதுதானே என்று டொயோட்டா கடையில் நட் கேட்டால் பெரும்பாலும் 1.5 மி.மீ. மரை கொடுப்பார்கள். இது சுபாரு வழி, 1.25 மரை. தப்பான நட்டை இம்பாக்ட் கன்னால் ஏற்றினால் நட் ஏறும் போல்ட்டே (ஸ்டட்) காலி. 89 பவுண்டு-அடிக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கிவிட்டு, கொஞ்சம் ஓட்டிய பின் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும்.

ஃபெண்டரின் உள் பிளாஸ்டிக்கில் சாக்பீஸ் தடவி, ஒரு வீலை நடைபாதை விளிம்பில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தேன். இடது முன்பக்கம் மட்டும் மெல்லிய கோடு விழுந்தது. ஹீட் கன்னால் சூடாக்கி அந்தப் பிளாஸ்டிக்கை அழுத்தியதும் சரியானது.

லகூனா சேக்காவில் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ஆண்ட்ரெட்டி வளைவில் முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கைலைன் சாலையில் ஆலிஸ் உணவகம் வரைக்கும் போய்வரும் ஓட்டத்தில் பழைய சுகம் பாதி போய்விட்டது. 200 குதிரைத்திறன் வண்டிக்கு இது அதிகப்படியான பிடிப்பு. பின்பக்கத்தை அசைக்க வேண்டுமென்றால் பொதுச்சாலையில் போகக்கூடாத வேகம் வேண்டும். 880 ஹைவேயில் லாரிகள் அரைத்த தடங்களில் ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் இழுக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய இடங்களில் மிதக்கவும் பார்க்கிறது. பழைய வீல்களை விற்காமல் வைத்திருப்பது அதற்காகத்தான். மழை தொடங்கும் நவம்பரில் அவை வண்டிக்குப் போய்விடும்.

தடத்துக்குப் போகாத நண்பர்கள் கேட்டால் 17க்கு 8, +45, 225 டயர் என்று சொல்கிறேன். கேம்பர் பிளேட் வேண்டாம், தகடு மடக்க வேண்டாம், நல்ல ரப்பராக மட்டும் பார்த்து வாங்குங்கள்.