பெயரின் முன்னால் இருந்த இஃபா

நைஜீரியாவின் இபாதானில் எங்கள் அலுவலக வண்டியை ஓட்டுகிறவருக்கு அறுபது வயது இருக்கும். ஞாயிறு தவறாமல் ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குப் போகிறவர். அவர் என்னை 'ஓகா', அதாவது முதலாளி, என்பார். நான் அவரை 'பாபா' என்பேன். வயதில் மூத்த ஆணை இங்கே வாழும் யொரூபா மக்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் இந்த ஊருக்குக் கணக்கராக வந்த முதல் வருஷம், ஊழியர்களின் முகவரிச் சான்றுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாபா கொடுத்திருந்த பழைய வீட்டுப் பத்திரத்தில் குடும்பப் பெயர் இடித்தது. இப்போதைய பெயர் 'ஒலு' என்று தொடங்குகிறது. பத்திரத்தில் மீதியெல்லாம் அதேதான், முன்னால் மட்டும் 'ஃபா'.

எழுத்துப் பிழையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பிழை இல்லை ஓகா. அது தாத்தா பெயர். அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது மாற்றிவிட்டார்கள்."

அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் யொரூபா மக்களின் பழைய மதத்தை அறியப் போனேன். 'ஃபா' என்பது 'இஃபா'வின் சுருக்கம். யொரூபா மக்கள் குறி கேட்கும் தெய்வத்துக்கும் அந்த முறைக்கும் பெயர் இஃபா. ஃபாபுன்மி என்றால் 'இஃபா எனக்குத் தந்தது'. ஒலுபுன்மி என்றால் 'ஆண்டவர் எனக்குத் தந்தார்'. யொரூபா வீடுகளில் எந்தத் தெய்வத்தின் வழியில் வந்த குடும்பம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஒகுன், ஷாங்கோ, ஒஷுன் என்று தொடங்கும் பெயர்கள் இன்னும் ஏராளம் இருக்கின்றன. ஆனால் பள்ளியும் தேவாலயமும் வந்த பிறகு எத்தனையோ குடும்பங்கள் அந்த முன்னொட்டை உரித்துவிட்டு 'ஒலு' என்றோ 'ஜேசு' என்றோ போட்டுக்கொண்டன.

பாபாவின் தாத்தா ஒரு பாபலாவோ. 'மறைபொருளின் தந்தை' என்று அர்த்தம். இஃபா பார்த்துச் சொல்கிறவர். நான் ஒரு பாபலாவோவைப் பார்க்க வேண்டும் என்றதும் பாபாவே விசாரித்து ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். உள்ளே மட்டும் வரவில்லை. வண்டியிலேயே இருந்துகொண்டார்.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேள்வியைப் பணத்தாளிடம் கிசுகிசுத்துக் கீழே வைக்கச் சொன்னார்கள். முன்னால் ஒரு மரத்தட்டு, அதில் மெல்லிய மரத்தூள். இடது கையில் பதினாறு பனங்கொட்டைகள். வலது கையால் ஒரே பிடியில் எல்லாவற்றையும் அள்ளப் பார்ப்பார். இடது கையில் ஒன்று மிஞ்சினால் தூளில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. மற்றபடி எது மிஞ்சினாலும் கணக்கில் இல்லை, மறுபடி அள்ள வேண்டும். இப்படி எட்டுக் குறிகள், நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஒன்று என்பதால் மொத்தம் 256 வடிவங்கள் வரும். கணக்கு எழுதுகிற எனக்கு அங்கேயே மெய்சிலிர்த்தது. ஒவ்வொரு வடிவத்துக்கும் 'ஒடு' என்று பெயர். ஒவ்வோர் ஒடுவுக்கும் கீழே கட்டுக்கட்டாகச் செய்யுள்கள், கதைகள், பரிகாரங்கள். அத்தனையும் மனப்பாடம். சிறுவயதிலேயே குருவிடம் போய் வருஷக்கணக்கில் உருப்போட்டுப் படிக்கிறார்கள்.

பெரியவர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுள் சொல்லிக்கொண்டே போனார். எது என் நிலைமைக்குப் பொருந்துகிறதோ அதை நான்தான் நிறுத்திச் சொல்ல வேண்டுமாம். குறி என்றால் யாரோ நம் தலையில் தீர்ப்பை இறக்குவது என்று நினைத்திருந்தேன். இங்கே கேட்க வந்தவனுக்கும் பாதி வேலை இருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ இந்த இஃபா மரபை மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அதே இபாதானில், அந்த மரபில் வந்த ஒருவர் வெளியே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது பாபா மெதுவாகக் கேட்டார், "தலையைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

சொல்லியிருந்தார். 'ஒரி' என்றால் தலை. கண்ணும் மூக்கும் உள்ள இந்தத் தலைக்குள் இன்னொரு தலை இருக்கிறது. பிறப்பதற்கு முன் விண்ணுலகில், அஜாலா என்னும் குயவனின் வீட்டில், ஒவ்வொருவரும் தன் தலையைத் தானே எடுத்துக்கொள்கிறார்கள். சில தலைகள் நன்றாகச் சுட்டவை, சில வெந்தும் வேகாதவை. பூமிக்கு வரும் வழியில் எதை எடுத்தோம் என்பது மறந்துவிடும். இஃபா கேட்பது அதை நினைவுபடுத்திக்கொள்ளத்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒலொடுமரே இருக்கிறார், ஆனால் அவருக்கென்று கோயிலோ பூசாரியோ கிடையாது. நடுவில் நின்று மனிதர்களோடு புழங்குகிறவர்கள் ஒரிஷாக்கள். நானூற்றொரு பேர் என்று ஒரு வழக்கு உண்டு. இரும்புக்கும் பாதைக்கும் ஒகுன், இடிக்கு ஒரு காலத்தில் ஓயோ என்ற யொரூபா நாட்டை ஆண்ட ஷாங்கோ, மனித உடலைக் களிமண்ணில் பிசைகிற ஒபதாலா. ஒபதாலா ஒருநாள் கள் குடித்துவிட்டுப் பிசைந்ததால்தான் சிலர் ஊனத்தோடு பிறக்கிறார்கள் என்பது கதை. அதனால் அவர்களை ஒபதாலாவின் சொந்தப் பிள்ளைகளாகப் போற்ற வேண்டும், அவரை வணங்குகிறவர்கள் கள்ளைத் தொடக்கூடாது. தெய்வத்தின் தவறுக்குத் தெய்வத்தையே பொறுப்பாக்கிய மக்கள் மீது எனக்கு அன்றைக்கே மரியாதை வந்துவிட்டது.

எஷுவைப் பற்றிப் பேசினால் மட்டும் எனக்குக் கோபம் வரும். எஷு முச்சந்தியில் நிற்கிற தூதர். எந்தப் படையலும் அவர் வழியாகத்தான் மேலே போகும். முதல் பங்கு அவருக்கு. சோதிப்பார், குழப்புவார், ஒழுங்காகச் செய்யாதவனை இடறிவிடுவார். ஆனால் தீமையின் அரசன் அல்ல. இந்த மதத்தில் அப்படி ஒருவரே இல்லை. யொரூபா பைபிளில் சாத்தானுக்கு வைத்த சொல் எஷு. அந்த மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்தியவர் சாமுவேல் அஜாயி கிரவுதர், 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர் ஆனவர். பெரிய அறிஞர், அதில் சந்தேகமே இல்லை. யொரூபா மொழி எழுத்தில் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இருந்தாலும் அந்த ஒரு சொல், கோடிக்கணக்கான வாய்களில் ஒரு தெய்வத்தைப் பிசாசாக்கிவிட்டது. பாபாவுக்கு இன்றும் 'எஷு' என்று உரக்கச் சொல்ல வராது.

கிரவுதரை 1821-ல், சிறுவனாக இருந்தபோது, ஊரைத் தாக்கிப் பிடித்துப்போய் விற்றார்கள். மறுவருஷம் அவர் ஏற்றப்பட்ட போர்த்துகீசியக் கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மடக்கியதால் சியரா லியோனில் இறங்கினார். மடக்கப்படாத கப்பல்கள் எத்தனையோ. ஓயோ பேரரசு சரிந்து உள்நாட்டுப் போர்கள் மூண்ட அந்தக் காலத்தில் யொரூபா மக்கள் கூட்டங்கூட்டமாகக் கியூபாவுக்கும் பிரேசிலின் பாஹியாவுக்கும் அடிமைகளாகப் போனார்கள். கையில் ஒன்றும் கொண்டுபோக முடியாது. தலையில் இருந்தது மட்டும் போயிற்று.

கியூபாவில் அவர்களை லுகுமி என்றார்கள். அங்கே ஷாங்கோ கத்தோலிக்கர்களின் புனித பார்பராவின் படத்துக்குப் பின்னால் நின்றார், ஆற்றுத் தெய்வமான ஒஷுன் எல் கோப்ரே மாதாவுக்குள் நின்றாள். பிரேசிலில் இந்த மதம் கண்டோம்ப்ளே என்ற பெயரில் வளர்ந்தது. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-ல், பிரேசிலில் 1888-ல். அதற்குப் பிறகும் காவல்துறை முரசுகளைப் பறித்துக்கொண்டு போன காலம் நீண்டது. கியூபாவிலிருந்து போனவர்களோடு அது மியாமிக்கும் நியூயார்க்குக்கும் நடந்தது. விலங்குகளைப் பலியிடுவதைத் தடுத்த, புளோரிடாவின் ஹயலியா நகரத்தின் சட்டங்கள் செல்லாது என்று 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது.

நான்கு வருஷம் கழித்து, சேர்த்து வைத்த விடுமுறையில் பாஹியாவின் தலைநகர் சால்வடோர் போனேன். பிப்ரவரி 2, ரியோ வெர்மேல்யோ கடற்கரை. கூடை கூடையாகப் பூ, வாசனைத் தண்ணீர், சீப்பு, கைக்கண்ணாடி எல்லாம் படகுகளில் ஏற்றி யெமாஞ்சா என்னும் தெய்வத்துக்குக் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். நைஜீரியாவில் அவள் பெயர் யெமோஜா, ஒகுன் என்னும் ஆற்றின் தாய். கடலைக் கடந்து வந்தவர்களுக்கு அவள் கடலாகவே ஆகிவிட்டாள். தெரு முனையில் வெள்ளுடுத்த அம்மாக்கள் பனையெண்ணெயில் பயறு வடை பொரித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் அக்கராஜே. இபாதானில் தினமும் காலையில் நான் வாங்கித் தின்னும் அக்கராதான் அது.

அங்கே ஒரு வயதான அம்மா முரசுக்கு நடுவே பாடியதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு வந்தேன். ஊர் திரும்பியதும் பாபாவுக்குப் போட்டுக் காட்டினேன். யொரூபாவில் ஒலி ஏறி இறங்குவதில்தான் பொருள் இருக்கிறது. கடலுக்கு அப்பால் அந்த ஏற்ற இறக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் முறை வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. என் பாட்டி சொல்வாள்."

மறுமாதம் அவராகவே ஒஷோக்போவுக்குப் போகலாம் என்றார். ஒஷுன் ஆற்றங்கரைப் புனிதக் காடு, 75 ஹெக்டேர். காடு அழியும் நிலையில் இருந்தபோது உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து அதைக் காத்தவர் சூசன் வெங்கர் என்ற ஆஸ்திரியப் பெண். 1950-ல் வந்தவர், ஒரிஷாக்களின் பூசாரியாகி, 2009-ல் இங்கேயே கண் மூடினார். இந்த முறை பாபா வண்டியில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஆறு வரைக்கும் வந்தார். கும்பிடவில்லை. குனிந்து தண்ணீரை அள்ளி உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

போன வருஷம் அவருக்குப் பேத்தி பிறந்தாள். எட்டாம் நாள் பெயர் சூட்டு விழா. தேன், உப்பு, கோலாக் கொட்டை, தண்ணீர் ஒவ்வொன்றாகக் குழந்தையின் உதட்டில் தொட்டு வைத்தார்கள். பாதிரியார் ஜெபித்து ஒரு பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தண்ணீர்க் கிண்ணத்தில் நைரா போட்டு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன். கடைசியாகப் பாபா எழுந்து வந்தார். தாளை கிண்ணத்தில் போட்டார். அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு பெயர் சொன்னார்.

அது 'இஃபா' என்று தொடங்கியது.