பின் பிரேக் பேடும் திருவான்மியூர் உப்புக்காற்றும்

காரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சொலி வரத் தொடங்கியதும், பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை அழுத்தி நிறுத்தும் கட்டை) தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று புரிந்துகொண்டு, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பேடுகளை வாங்கினேன். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்று சொன்னதுமே, "பின் பிஸ்டனை அமுக்காதீங்க சார், சுத்தித்தான் உள்ளே அனுப்பணும்" என்று கடைக்காரர், பேடைத் தள்ளும் அந்த உருளையைச் சுற்றுவதற்கான கருவியையும் எடுத்து வைத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பின் சக்கர வேலை என்பதால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே வைக்க வேண்டும். ஆகவே வண்டியை முதல் கியரில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கினேன்.

டிஸ்க்கின் இருபுறமும் பேடுகளை வைத்துக் கவ்வும் காலிப்பரைக் கழற்றியபோதுதான் உண்மையான கோளாறு தெரிந்தது. வெளிப்பேடில் பாதிக்கு மேல் மீதமிருக்க, உள்பேடு 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தது. காலிப்பர் இருபுறமும் நகர்வதற்கான ஸ்லைடு பின்களில் கீழ்ப்பின், ரப்பர் உறை கிழிந்து, செந்நிறத் துரு படிந்து இறுகிப்போயிருந்ததால், பிஸ்டன் இருக்கும் பக்கத்துப் பேட் மட்டுமே சுமையைத் தாங்கியிருக்கிறது. கடற்கரையை ஒட்டிய எங்கள் திருவான்மியூர் தெருவின் உப்புக்காற்றில் இது வியப்பில்லை. பேடை மட்டும் மாற்றி மூடியிருந்தால் புதியதும் அதே கதிக்குத்தான் போயிருக்கும். அந்த ஸ்லைடு பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிய உறை மாட்டி, சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்து, பிஸ்டனை வலஞ்சுழியாகச் சுற்றி உள்ளே அனுப்பினேன். அப்போது பிரேக் ஆயில் மட்டம் உயரும் என்பதால் டப்பாவின் மீது ஒரு கண் இருக்க வேண்டும். பேடின் பின்புறக் குமிழ் பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இல்லையெனில் பேட் சாய்ந்து தேயும்.

மறுபக்கத்தையும் முடித்து, பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்தினேன். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், 50 கி.மீ. வேகத்திலிருந்து சீராகப் பலமுறை குறைத்துப் புதிய பேடுகளை டிஸ்க்கோடு பதியவைத்தேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்த ஸ்லைடு பின்களைக் கழற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.