1979 ஒய்இசட் 125: எது புதுசு, எது பழசு

பழைய யமஹா பந்தய பைக் ஒன்றைப் பழுதுபார்த்து மீட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு வரவழைத்த பிஸ்டன் வந்த ராத்திரியே சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தேன். கையை எடுத்ததும் கிணற்றில் போட்ட கல் மாதிரி நேரே இறங்கிவிட்டது. அப்படி இறங்கக் கூடாது. லேசாக எண்ணெய் தடவிய சிலிண்டரில் பிஸ்டன் தன் எடையில் மெல்ல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். என்னுடையது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, கடகடவென்று சத்தம் வேறு போட்டது.

தப்பு என்னுடையதுதான். வண்டி 1979 யமஹா ஒய்இசட் 125. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 56 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., கணக்குப் போட்டால் கொள்ளளவு 123 சி.சி. இதெல்லாம் மனப்பாடம் என்ற தெம்பில், மாடலையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி ஸ்டாண்டர்டு சைஸ் பிஸ்டன் வரவழைத்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் பல கை மாறிய பந்தய வண்டி. நடுவில் யாரும் சிலிண்டரை போர் போட்டிருக்க (உள்ளே வெட்டி அகலப்படுத்தியிருக்க) மாட்டார்களா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் உள் விட்டம் அளக்கும் போர் கேஜ் இரவல் வாங்கி அளந்தேன். மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) போகும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. ஆக ஆறு எண்கள். மேலேயும் கீழேயும் 56.52, 56.53 என்று வந்தது. எக்ஸாஸ்ட் வாய்க்குப் பக்கத்தில் குறுக்கே வைத்தபோது முள் 56.58க்குப் போய் நின்றது. சிலிண்டர் ஏற்கெனவே இரண்டாவது ஓவர்சைஸான 56.50க்கு போர் போட்டது, அதுவும் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறது. இனி 56.75தான். நல்லவேளை, உள்ளே வார்ப்பிரும்பு லைனர், வெட்டலாம். பிற்காலத்து நிக்கல் பூச்சு சிலிண்டர்களில் இந்தச் சௌகரியம் கிடையாது. (56.75 ஆனால் 126 சி.சி.யைத் தாண்டுகிறது. பந்தயத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் தங்கள் வகுப்பின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போர் போடுகிறவரிடம் போனால், அவர் அதைத் தொடவே இல்லை.

"பிஸ்டன் எங்க தம்பி?"

"56.75 போட்டுக் கொடுங்கண்ணே, அந்த சைஸ் வாங்கிக்கறேன்."

"பெட்டியில எழுதியிருக்கறதுக்கு நான் வெட்ட மாட்டேன். பிஸ்டனைக் கொண்டா, அதை அளந்துட்டு வெட்டறேன்."

அவர் சொன்னதன் அர்த்தம் பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. பெட்டியில் 56.75 என்று போட்டிருக்கும் பிஸ்டனை, ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) அடிப்பக்கம் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் 56.70 காட்டுகிறது. இடைவெளியைத் தயாரிப்பாளரே கழித்துவிட்டுத்தான் தருகிறார். எவ்வளவு கழிப்பார் என்பது பிஸ்டனின் ஜாதியைப் பொறுத்தது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வலுவானது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளியும் கூடுதலாக வேண்டும். வார்ப்பு பிஸ்டனுக்கு அவ்வளவு வேண்டாம், குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது தட்டும் சத்தமும் குறைவு. நான் வார்ப்பு பிஸ்டன்தான் எடுத்தேன். விடுமுறை நாளில் ஓட்டப்போகிறவனுக்குப் பந்தயக்காரனின் பிஸ்டன் எதற்கு? உடன் வந்த சீட்டில் 0.05 மி.மீ. என்று போட்டிருந்தது, அந்த அளவுக்கே வெட்டி, ஹோனிங் (கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) போட்டுக் கொடுத்தார். சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் வாய்களின் கூர்விளிம்பையும் மழுக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அதைச் செய்யாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும்.

இதற்குப் பிறகு வண்டியில் எதையும் நம்பவில்லை. முதல் வேலையாக ஃபிரேம் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் துடைத்து அடுத்தடுத்து எழுதினேன். முன்னால் வரும் மாடல் குறியீடு இரண்டிலும் ஒன்றாக இல்லை! ஃபிரேம் ஒரு வருஷம், இன்ஜின் இன்னொரு வருஷம். அன்றிலிருந்து இரண்டு பாகப் பட்டியல்களை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

யமஹாவின் பழைய பாக எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டது பெரிய உபகாரம். மூன்று துண்டாக இருக்கும். முதல் மூன்று எழுத்தும் எண்ணும் அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்கு வந்தது என்று சொல்லும். நடுவில் உள்ள ஐந்து இலக்கம் என்ன பாகம் என்று சொல்லும்: 11631 என்றால் பிஸ்டன், 11181 என்றால் ஹெட் கேஸ்கெட், எந்த யமஹாவாக இருந்தாலும். கடைசி இரண்டு இலக்கம் திருத்தத்தையோ நிறத்தையோ காட்டும். ஆகவே என் வண்டியின் பட்டியலில் ஒரு பாகத்துக்கு வேறு மாடலின் குறியீடு முன்னால் நின்றால் சந்தோஷப்படுவேன். அது பல வண்டிகளுக்குப் பொதுவான சாமான், தேடுகிற வட்டம் அகலமாகிவிடும். கிளட்ச் பக்கத்துச் சின்னச் சாமான்கள் பாதியை இப்படித்தான் பிடித்தேன்.

93 என்று தொடங்கும் எண்கள் தனி ரகம். பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாம் அதில்தான் வரும். இவற்றுக்கு வண்டியின் பெயர் சொல்லித் தேடுவது வீண். பேரிங்கின் முகத்தைத் துடைத்தால் எண் தெரியும். 6205 என்றால் உள் விட்டம் 25 மி.மீ. (கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும்), வெளி விட்டம் 52, அகலம் 15. உலகத்தில் யார் செய்தாலும் அதே அளவு. கிராங்க் பேரிங் வாங்கும்போது மட்டும் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். என் பழைய பேரிங்கில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மங்கலாக சி3 தெரிந்தது. உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று அர்த்தம். இறுக்கமாக அடித்து உட்கார்த்துவதால் அந்த இடைவெளி கொஞ்சம் செத்துப்போகும். சாதாரண பேரிங்கை அங்கே போட்டால் சூடேறியதும் கெட்டியாகச் சுற்றும்.

ஆயில் சீலும் அப்படியே. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் சீல் விஷயத்தில் கோட்டை விட்டேன். தேடும்போது ஒருவரிடம் அந்தக் காலத்துப் பொட்டலத்திலேயே, பிரிக்காத கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிடைத்தது. மஞ்சளேறிய காகிதம், அழியாத பாக எண், உள்ளே அசல் சரக்கு. பார்த்ததும் வேறு எதையும் வாங்க மனசு வரவில்லை. போட்டுவிட்டேன். இதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

போல்ட்டுகள். காணாமல் போன போல்ட்டுக்குக் கிடைத்ததைப் போட்டு முடுக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. இந்த வண்டியில் 10 மி.மீ. போல்ட்டின் மரை 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம், மி.மீ.), வெளியே சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று நன்றாகப் போகும், மூன்றாவதில் இறுகும், "கொஞ்சம் துருபோல" என்று நினைத்து இன்னும் ஒரு முடுக்கு. மரை போயே போச்சு. எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் ஒருவர் என்ஜின் மவுண்ட்டில் இதைச் செய்து வைத்திருந்தார். கவர் ஸ்க்ரூக்களின் தலையைக் கொத்திக் குதறியதும் அவராகத்தான் இருக்கும். ஜப்பானிய வண்டியின் கூட்டல் குறி ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனை அடிவரை உட்காராது, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்) முனைதான் வேண்டும்.

செயினில் ஒரு வேடிக்கை. ஸ்பிராக்கெட் 520, செயின் 525. இரண்டுக்கும் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி தூரம்) ஒன்றுதான், 15.875 மி.மீ., அதனால் பல்லில் அழகாக உட்கார்ந்து சுற்றுகிறது. ஆனால் 520இன் உள் அகலம் 6.35, மற்றதுக்கு 7.94. பக்கவாட்டில் ஆட்டினால் தளதளவென்று ஆடுகிறது. செயின் தேய்ந்துவிட்டது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரேக் ஷூ புதுசு போட்டேன், யோசனையே இல்லை. பழைய ஷூவின் லைனிங் பசை விட்டுப் பிரிந்து வரும், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். டாங்கின் அடியில் படுத்திருக்கும் மோனோஷாக்கை (பின்சக்கரத்துக்கான ஒற்றை ஷாக் அப்சார்பர்) நான் பிரிக்கவில்லை. 1973இல் ஹாகன் ஆண்டர்சனுக்கு 250 சி.சி. உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஏற்பாடு. உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கிறது, விஷயம் தெரிந்தவரிடம் அனுப்பிவிட்டேன்.

ரீட் வால்வின் (இன்டேக் வழியில் ஒரே பக்கம் திறக்கும் வால்வு) இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் ஒரு கீற்று தெரிந்தது. புது ஃபைபர் இதழ் வாங்கினேன். கார்புரேட்டரில் ஓ-ரிங்குகளும் மிதவை ஊசியும் மட்டும் மாற்றினேன். ஜெட் எல்லாம் அசலாகவே இருந்தன, கம்பி விட்டுக் குடையாமல் ஊறவைத்து ஊதியதோடு சரி.

போன ஞாயிறு இன்ஜினைக் கூட்டி முடித்து அழுத்தச் சோதனை வைத்தேன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வாயையும் அடைத்து, பிளக் ஓட்டை வழியாக 6 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காற்று ஏற்றுவது. நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. எனக்கு அரை நிமிஷத்தில் முள் படுத்துவிட்டது. சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தேன். சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை. ஹெட்டில் ஒன்றுமில்லை. ஃப்ளைவீலை அதற்குரிய மரைப் புல்லரால் கழற்றி, ஸ்டேட்டரையும் எடுத்துவிட்டுத் தெளித்தபோது, இடப்பக்கச் சீலைச் சுற்றி கடுகளவு குமிழ்கள் வரிசையாக எழுந்தன.

பொட்டலத்துச் சீல்தான். பெயர்த்தெடுத்து உதட்டை விரலால் மடக்கினேன். நகத்தை மடக்குவது போல இருந்தது. பொட்டலத்துக்குள் தூங்கினாலும் ரப்பருக்கு வயசாகாமல் இருக்குமா? இதோடு கிளப்பியிருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து, கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து காற்று கூடி), புதுப் பிஸ்டன் சூட்டில் பிடித்திருக்கும். வலப்பக்கச் சீலாக இருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விட்டுக் காட்டிக் கொடுக்கும். இடப்பக்கம் அந்த எச்சரிக்கைகூடத் தராது. அதே ஆளிடம் வாங்கிய பொட்டலத்து கிக் ஸ்டார்ட் கியர் மட்டும் அச்சு அசலாக உட்கார்ந்து வேலை செய்கிறது. இரும்பு வேறு, ரப்பர் வேறு.

அதே மூன்று அளவில் இப்போது செய்த சாதாரணச் சீல் ஒன்றை, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வைத்து அடித்தேன். வலப்பக்கமும் பொட்டலத்துச் சரக்குதானே என்று அதையும் மாற்றினேன். மறுபடி 6 பிஎஸ்ஐ. ஐந்து நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு மயிரிழை கூட நகரவில்லை.

மோனோஷாக் திரும்பி வந்ததும் இன்ஜினை ஃபிரேமில் ஏற்ற வேண்டும். மஞ்சள் மட்கார்டு இன்னும் முடிவாகவில்லை. அசல் வெளுத்து ஓரத்தில் விரிந்திருக்கிறது, புதிதாகச் செய்து வருவதன் மஞ்சள் டாங்கின் மஞ்சளோடு ஒட்டவில்லை. ஸ்டாண்டர்டு சைஸ் பிஸ்டன் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கிறது. யாருக்காவது போர் போடாத 56 மி.மீ. சிலிண்டர் இருந்தால் சொல்லுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்னால் அளந்துவிடுங்கள்.