வில்லனுக்கு மட்டும் ஏன் அந்த நளினம்?

திரையில் ஒருவனை வில்லன் என்று காட்டுவதற்குக் கத்தி, முகத்து வடு, கரகரத்த குரல் என எல்லோருக்கும் தெரிந்த வழிகள் பல உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொரு வழி, அவனுடைய நடையிலும் விரலசைவிலும் கண்மையிலும் கொஞ்சம் பெண்மையைச் சேர்த்துவிடுவது. அவன் ஆண்களை விரும்புகிறவன் என்று எந்தப் பாத்திரமும் சொல்லாது. பார்ப்பவர்களே ஊகித்துக்கொண்டு சிரிப்பார்கள், அல்லது முகம் சுளிப்பார்கள். குயர் கோடிங் என்று திரை விமர்சகர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

ஹாலிவுட்டில் இது வேரூன்றியதற்குத் தணிக்கை ஒரு முக்கியக் காரணம். 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கறாராக அமலான ஹேய்ஸ் விதிகள், தன்பால் ஈர்ப்பைப் பாலியல் பிறழ்வுகளில் ஒன்றாகக் கருதி, அதைக் குறிப்பாகக்கூடக் காட்டக்கூடாது என்றன. ஆனாலும் குறிப்புகள் நுழைந்தன. 1941இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் பீட்டர் லோரே நடித்த ஜோயல் கெய்ரோ என்ற வில்லனுக்கு முன்னால் அவனுடைய கார்டீனியா பூ மணக்கும் முகவரி அட்டை அறைக்குள் வந்துவிடுகிறது. தீயவன் கடைசியில் தோற்றே ஆக வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்ததால், இத்தகைய சாயலை வில்லன் பக்கம் ஒதுக்குவது தயாரிப்பாளர்களுக்கு வசதியாக இருந்தது. 1968இல் அந்த விதிகள் கைவிடப்பட்ட பிறகும் அச்சு அப்படியே இருந்தது என்பதற்கு, டிஸ்னியின் வில்லன்களான 'அலாதீன்' (1992) ஜாஃபரும் 'தி லயன் கிங்' (1994) ஸ்காரும் போதும்.

இருந்தாலும், எல்லாவற்றையும் வெறுப்பின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. 1989இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடல் சூனியக்காரி உர்சுலாவின் உருவம், பெண் வேடத்தில் புகழ்பெற்ற டிவைன் என்ற நடிகரை மனத்தில் வைத்து வரையப்பட்டது. அவளுக்குப் பாட்டெழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் தன்பால் ஈர்ப்பாளர். டிவைனைப் போலவே பால்டிமோரில் பிறந்தவர். ஜாஃபர், ஸ்கார் இருவரையும் உயிர்ப்பித்த அனிமேஷன் கலைஞர் ஆண்ட்ரியாஸ் டேஜாவும் தன்பால் ஈர்ப்பாளரே. அந்தக் கைகளில் பிறந்ததாலோ என்னவோ, அந்தப் படத்தில் மிகுந்த உயிர்த்துடிப்போடு இருப்பவள் உர்சுலாதான். (இளவரசனின் முகம் எனக்கு நினைவிலேயே இல்லை.)

பெண்மை கலந்த ஆண் என்றால் ஐயத்துக்குரியவன் என்பது இயல்பான உணர்வுதானே என்று வாதிடுபவர்களை எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு பாரதக் கூத்துக்கு அழைத்து வரலாம். புரிசையானாலும் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களானாலும், திரௌபதியம்மன் திருவிழாவில் பாஞ்சாலியாக ஆடுபவர் பெரும்பாலும் ஆண்தான். சேலையும் சவுரியும் பூவுமாக அவர் பந்தலுக்கு வரும்போது கூட்டத்தில் இருக்கும் பெண்கள் கைகூப்புகிறார்கள். துகிலுரியும் கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திச் சூடம் ஏற்றுவதும் உண்டு. துரியோதனனும் துச்சாதனனுமோ கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, மீசை முறுக்கி, அடித்தொண்டையில் முழங்கிச் சுழன்றாடுகிறார்கள். அங்கே கொடுமைக்கு அடையாளம் மிதமிஞ்சிய ஆண்தோரணை. விராட பர்வத்தில் பேடியுருவில் பிருகன்னளையாக வருபவனோ வில்லாளி அர்ச்சுனன். பொழுது விடிந்து வேடம் கலைத்த பிறகு அதே நடிகரைத் தெருவில் கேலி செய்பவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நன்மை தீமையை அடையாளம் காட்ட அந்த மேடை வகுத்துக்கொண்ட இலக்கணம் சினிமாவினுடையதற்கு நேர்மாறானது.

தமிழ் சினிமா கூத்தின் வழியில் போகவில்லை. 'அப்பு' (2000) படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த மகாராணியிடம் குறிப்புக்கே வேலையில்லை. விடுதி நடத்திப் பெண்களை வதைக்கும் பாத்திரம் வெளிப்படையாகவே திருநங்கையாக வைக்கப்பட்டது. இந்திப் படமான 'சடக்'கிலிருந்து அது அப்படியே இறங்கிய சரக்கு. 'ஐ' (2015) படத்தில் வில்லன்களில் ஒருவராக வரும் திருநங்கை ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்துக்குத் திருநங்கைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'வேட்டையாடு விளையாடு' (2006) கொலைகாரர்கள் இருவருக்கும் இடையிலான உறவு கதைக்குத் தேவையே இல்லை. அருவருப்பைக் கூட்டுவதற்காக மட்டுமே அது செருகப்பட்டது என்பது என் கருத்து.

அதே 2006இல் வந்த 'வரலாறு', பெண்மைச் சாயல் கொண்ட பரதக் கலைஞரை நாயகனாக்கியது என்பதற்காக அதைச் சிலர் இன்றும் பாராட்டுகிறார்கள். அஜித்தின் அபிநயம் அந்தப் பாராட்டுக்கு உரியதுதான். ஆனால் அந்தக் கலைஞரின் நளினத்தை மணப்பெண் இழிவுபடுத்தியதும், தன் ஆண்மையை மெய்ப்பிக்க அவர் அவளை வன்புணர்கிறார். படம் அவரைத் தொடர்ந்து அனுதாபத்துக்குரிய நாயகனாகவே நடத்துகிறது. எங்கள் ஊர்ப் பந்தலாக இருந்திருந்தால் அந்தக் காட்சிக்குச் சலங்கையைக் கழற்றிவிட்டு அவருக்குத் துச்சாதனன் கட்டையைக் கட்டியிருப்பார்கள்.